நாலு மணி ஆட்டம்

1

ஜனவரி பிறந்துவிட்டால் மெல்பனில் எங்கள் பஸ் டெப்போவின் சாப்பாட்டறையில் டென்னிஸைத் தவிர வேறு பேச்சு கிடையாது. சுவரில் தொங்கும் தொலைக்காட்சியை யாரும் அணைப்பதில்லை. ஓட்டத்தை முடித்துவிட்டு வருகிறவர்கள் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே பார்ப்பார்கள். நான் பெரும்பாலும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவேன். வெயிலில் பஸ் ஓட்டிவிட்டு வந்து, வெயிலில் ஓடுகிறவர்களை வேறு பார்க்க வேண்டுமா?

இந்த வருஷம் அப்படி இருக்க விடவில்லை கோஸ்டா. எங்களோடு பஸ் ஓட்டுகிற கிரேக்கர் அவர். நல்ல மனுஷர், என் பருப்புக் கறிக்கு அடிமை. அன்றைக்கு அவருக்கு என்ன கோபமோ, திரையைக் காட்டிக் காட்டிக் கத்தினார்.

"ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள். பெண்கள் மூன்று செட். பரிசுப் பணம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றாம். இது என்ன நியாயம் ரோஸ்? வேலைக்கேற்ற கூலி என்று ஒன்று இல்லையா?"

அந்த நேரம் அங்கே இருந்த ஒரே பெண் ஓட்டுநர் நான்தான். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"எங்கள் ஊரில் இது தலைகீழ் கோஸ்டா" என்றேன். "அங்கே மூன்று செட் ஆடிவிட்டு முழுக்கூலி வாங்கினவர்கள் ஆண்கள். ஐந்து செட்டும் ஆடினவர்கள் பெண்கள். அங்கே யாரும் இது என்ன நியாயம் என்று சாப்பாட்டறையில் நின்று கத்தியதை நான் பார்த்ததில்லை."

அவர் முழித்தார். விளக்கிச் சொல்ல நேரமில்லை, என் பஸ் புறப்பட வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கண்டியிலும் நாவலப்பிட்டியிலும் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குப் பாதி தெரிந்த கதைதான். மீதிப் பாதி இந்த ஏப்ரலில் நடந்தது.

2

நாவலப்பிட்டி டவுனிலிருந்து மலை ஏறிப் போனால் எங்கள் தேயிலைத் தோட்டம். அப்பா கவ்வாத்து வெட்டப் போவார், தேயிலைச் செடியின் கிளைகளைக் கத்தரிக்கிற வேலை. அம்மா கொழுந்தெடுக்கப் போவார். நாள் சம்பளம் இரண்டு பேருக்கும் ஒன்று. அதைத் தோட்டத்தில் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள், "நம்ம தோட்டத்துல ஆம்பள பொம்பள வித்தியாசமே இல்ல" என்று. சம்பளத்தாளைப் பார்த்தால் உண்மைதான்.

ஆனால் கவ்வாத்துக்கு ஒரு முறை இருக்கிறது. இத்தனை செடி என்று பிரித்துக் கொடுப்பார்கள், வெட்டி முடித்தால் நாள் முடிந்தது. அப்பாவுக்கு வேகமான கை. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் குளித்து, சாப்பிட்டு, தலைவாரி உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்கு அந்த முறை இல்லை. விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தால், பொழுது சாயும் நேரத்தில் கடைசிக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மலையிலிருந்து இறங்கலாம். நிறை குறைந்துபோனால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். வீட்டுக்கு வந்ததும் அடுப்பு.

சரி, பகல் சாப்பாட்டுக்கும் பொழுது சாய்வதற்கும் நடுவில் ஆண்கள் என்ன செய்தார்கள்? கரப்பந்து, அதாவது வாலிபால், ஆடினார்கள். தினமும் ஆடினார்கள். எங்கள் தோட்டத்து அணி அந்தப் பக்கத்தில் பேர் போனது. அப்பா வலைக்கு அருகே எகிறி இடக்கையால் அடித்தால் பந்து எங்கே விழுந்தது என்று தேட வேண்டியிருக்கும். அம்மா ஆடுவாரா என்று யாரும் கேட்டதில்லை. நான் கேட்டிருந்தால் கையிலிருந்த அகப்பையால் ஒன்று வைத்திருப்பார்.

பெண்கள் ஆட்டத்தில் அந்த வேகம் இல்லை, அந்த அடி இல்லை என்று சொல்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இருக்கலாம். நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: பழகுவதற்கு யாருக்குப் பகல் பொழுது கிடைத்தது?

என் தங்கச்சி சிசிலி அதே தோட்டத்தில் கல்யாணம் முடித்து, அம்மா ஏறின அதே மலையில் கொழுந்தெடுக்கிறாள். அவளுக்கு நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஞாயிற்றுக்கிழமை என்பாள். கோயிலில் பூசை முடிந்ததும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மைதானத்துக்கு இறங்கிவிடுவாள். ஆரம்பத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடினார்கள். ஃபாதர் கண்டும் காணாததுபோல் இருந்தார். இப்போது அவர்களுக்குச் சீருடை இருக்கிறது, அணித் தலைவி அவள்தான். அவளுடைய மகள் டிலானி இடக்கைக்காரி. தாத்தாவின் அந்த அடி ஒரு தலைமுறையைத் தாண்டி அவள் கைக்கு வந்திருக்கிறது.

3

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி எங்கள் தோட்டத்து மைதானத்தில் கரப்பந்துப் போட்டி நடக்கும். சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் டவுனிலிருந்தும் அணிகள் வரும். போட்டிக் குழுவின் தலைவர் நஸீர் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். அப்பாவோடு சேர்ந்து ஆடினவர், இன்றைக்கும் வலை கட்டுவது அவர் கையால்தான். பரிசுக்கான காசு வெளிநாட்டில் இருக்கிற எங்களுடையது. மெல்பன், மிலான், டோஹா, லண்டன் என்று சிதறிக் கிடக்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வருஷம் முழுக்கக் காலை வணக்கமும் பூப்படமும், மார்ச் வந்தால் சண்டை.

இதுவரை பரிசு எப்படியென்றால், வெற்றி பெற்ற ஆண்கள் அணிக்குக் காசும் கேடயமும். பெண்கள் அணிக்கு அதில் பாதிகூட வராத காசும், ஆளுக்கொரு பிளாஸ்டிக் பேசினும். சிசிலி வீட்டில் அப்படி நாலு பேசின் இருக்கிறது. அரிசி களைய ஒன்று, மீன் கழுவ ஒன்று.

கோஸ்டா கிளறிவிட்ட சூட்டோடு நான் குழுவில் குரல்பதிவு போட்டேன். "பேசின் போதும். ஒரே பந்து, ஒரே வலை, ஒரே மைதானம். காசும் ஒண்ணாக் குடுக்கணும்." அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. லண்டனில் இருக்கிற ஜெயராஜ் எடுத்த எடுப்பிலேயே, "ரோஸ் அக்கா, ஆம்பளைங்க ஃபைனலுக்குத்தான் ஊரே வருது. கூட்டம் யாருக்கு வருதோ அவங்களுக்குத்தான் கூடப் போகும். உலகம் பூரா அப்பிடித்தான்" என்றான்.

வீட்டிலும் எனக்கு ஒரு ஜெயராஜ் இருக்கிறான். என் மகன் ரொஷான், பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கிறான். இங்கே வளர்ந்த பிள்ளை. தமிழில் ஆரம்பித்து மூன்றாவது சொல்லில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவான். ஊர்ப் பேச்சு எடுத்தாலே காதில் எதையாவது மாட்டிக்கொள்வான். இந்த விஷயத்துக்கு மட்டும் காதிலிருந்ததைக் கழற்றினான்.

"அம்மா, இது சிம்பிள். டிக்கட் யாரால விக்குது? விளம்பரம் யாரால வருது? அவங்களுக்குத்தான் காசு. இதுல ஆண் பெண் எல்லாம் இல்ல."

"ஞாயிற்றுக்கிழமை காலைல என் பஸ்ல ஒரு ஈ காக்கா ஏறாது. என் சம்பளத்துல வெட்டுறாங்களாடா?"

"அது பொதுச் சேவைம்மா. வேற கணக்கு."

"அட போடா, உன் கணக்கும் நீயும்."

அப்படித் துரத்திவிட்டேனே தவிர, அவன் சொன்னது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. பார்க்கிறவர்கள் இல்லாவிட்டால் தொழில்முறை ஆட்டம் என்று ஒன்றே இல்லை. காசு வானத்திலிருந்து விழாது. அந்தப் பிள்ளை முட்டாள்தனமாக ஒன்றும் பேசிவிடவில்லை. ஆனால் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது, அது எங்கே என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

எப்படியோ கத்திக் கத்திக் குழுவைச் சம்மதிக்க வைத்தேன். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பரிசு. எதிர்த்த ஜெயராஜே பெரிய எழுத்தில் "சமம்" என்று போட்டு அழகான நோட்டீஸ் தயாரித்து எல்லா நாட்டுக்கும் அனுப்பினான். கைதட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. நானும் இரண்டு நாள் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

4

மூன்றாம் நாள் சிசிலி கூப்பிட்டாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்து, அடுப்பைக் குறைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தேன்.

"அக்கா, காசெல்லாம் சரி. எங்கள எத்தன மணிக்குப் போட்டிருக்காங்க, அதக் கேட்டியா?"

"எத்தன மணிக்கு?"

"காலைல எட்டு மணிக்குத் தொடக்கம். பத்துக்குள்ள ஃபைனல் முடிஞ்சிரணும். எப்பயும் போலத்தான்."

"ஏன் அப்படி?"

"ஏனா? சமைக்கிறது யாரு? பத்து மணிக்கு நாங்க கோயில் மண்டபத்துக் குசினிக்குள்ள போகணும்ல. எல்லா டீமுக்கும் பெரிய ஆளுங்களுக்கும் பகல் சோறு போடணும். அத முடிச்சிட்டு பாத்திரம் கழுவுறப்ப ஆம்பளைங்க ஃபைனல் சத்தம் கேக்கும். நாலு மணிக்கு."

எனக்கு இது தெரியாத விஷயமா? போட்டி நடத்துகிற தோட்டத்துப் பெண்கள்தான் சமைப்பது என்பது நான் பிறக்கும் முன்பே இருக்கிற வழக்கம். அந்தப் பெண்கள்தான் அணியும் என்பதை யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. போன வருஷம் குழுவில் ஒரு படம் வந்தது. பிரதம விருந்தாளி கதிரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், பக்கத்தில் டிலானி கையில் அகப்பையோடு குனிந்து சோறு போடுகிறாள். படத்தில் பாதி முகம்தான் தெரிந்தது. நான் அதற்கு ஒரு சிவப்பு இதயம் வேறு போட்டேன்.

"டிலானிக்கு இந்த வருஷம்தான் அக்கா" என்றாள் சிசிலி. குரல் இறங்கிவிட்டது. "கொழும்புல துணிக்கடைல வேலைக்குப் பேசியாச்சு. வருஷம் பொறந்து கொஞ்ச நாள்ல போகணும். போனா அவ்வளவுதான், காலைல எட்டுலருந்து ராத்திரி எட்டு வரைக்கும் நின்னுக்கிட்டே. பந்தத் தொடமாட்டா."

பிறகு விஷயத்துக்கு வந்தாள். பிரதம விருந்தாளியாக வருகிற அந்த மனுஷர் பெரிய பயிற்சியாளர். ஒரு அரச நிறுவனத்தின் ஆண், பெண் அணிகளுக்கு ஆள் சேர்க்கிறவர். போன வருஷம் நாலு மணி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து லயத்துக் குடியிருப்புப் பையனைக் கையோடு கூட்டிப் போனார். இப்போது அவனுக்கு மாதச் சம்பளம், தங்குமிடம், வேலை என்றால் கரப்பந்து ஆடுவது. அவர் கொழும்பிலிருந்து பகல் சாப்பாட்டுக்குத்தான் வந்து சேர்வார். காலை ஆட்டத்தை ஒரு வருஷமும் பார்த்ததில்லை.

"அதனால அக்கா, நீ சண்ட போட்டு வாங்கின காசு எங்களுக்கு வேணாம். பழைய காசே இருக்கட்டும். நாலு மணியக் குடுக்கச் சொல்லு."

எனக்கு வந்ததே கோபம். "நான் தொண்ட கிழியக் கத்தி வாங்கினேன்டி!"

"கத்துன நீ அத முதல்ல எங்கட்ட கேட்டிருக்கலாம்ல" என்றாள் சாவகாசமாக. அவள் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

போனை வைத்த பிறகுதான் அந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. கூட்டம் ஆண்களைப் பார்க்க வருகிறதா, நாலு மணிக்கு வருகிறதா? இரண்டையும் பிரித்துப் பார்த்தவர்கள் யார்? ரொஷானிடம் போய்க் கேட்டேன். "நல்ல கேள்விம்மா, ஆனா டேட்டா இல்லையே" என்றான். வாய்க்கு வந்த பதிலை விழுங்கிக்கொண்டு நஸீர் நானாவுக்குப் போன் போட்டேன்.

5

"அது ஏலா தங்கச்சி" என்று மறுத்தார் நானா. "செல்றத கேளுங்க. நாலு மணிக்குத்தான் டவுன் ஆளுகள் கடைய சாத்திட்டு வாற. பொம்புளைகள்ட ஆட்டத்தப் போட்டா பாதிப் பேர் திரும்பிப் போயிருவான். எனக்கும் மனசுல ஈக்கிது, ஆனா கூட்டம் முக்கியமில்லையா?"

"போட்டுப் பாத்திருக்கீங்களா நானா?"

"இல்ல. எப்பிடிப் போடுற? அப்ப சோறு?"

ஆக, கூட்டமும் இல்லை ஒன்றும் இல்லை, சோறு. விளையாட்டில் சம ஊதியம் பற்றி உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். எங்கள் தோட்டத்தில் அது ஒரு சோற்று அண்டாவில் வந்து நின்றது.

நானா நல்ல மனுஷர், இறங்கி வந்தார். பெண்கள் ஃபைனலைப் பகல் இரண்டு மணிக்குப் போடலாம் என்றார். சிசிலியிடம் சொன்னேன். "ரெண்டு மணிக்கு அந்தக் கொழும்பு சேர் சோறு தின்னுக்கிட்டு இருப்பாரு, நான் அப்பளம் பொரிச்சிக்கிட்டு இருப்பேன்" என்றாள். வேண்டுமானால் ஆண்கள் இரண்டு மணிக்கு ஆடட்டும் என்றாள். சமைக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டாள். டவுனில் பார்சல் சோறு சொல்லிவிடுங்கள், ஆளுக்கொரு பார்சல், கழுவ ஒன்றும் இருக்காது.

பார்சலுக்குக் காசு? அதற்கும் பதில் வைத்திருந்தாள். பெண்கள் பரிசுக்கு நாங்கள் புதிதாகக் கூட்டிய தொகை இருக்கிறதே, அதை எடுத்துச் சோறு வாங்கட்டும்.

இதைக் கேட்டு நான் பொங்கிவிட்டேன். "உங்க பரிசுக் காசுல ஆம்பளைங்களுக்கு சோறா? உனக்கென்னா பைத்தியமா? இத்தன வருஷம் சும்மா சமைச்சது காணாதா? நான் அனுப்புறேன் சோத்துக்கு."

"நீ அனுப்பாத" என்றாள். இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை. "நீ அனுப்பினா என்னா சொல்லுவாங்க? வெளிநாட்டுக்காரி காசக் காட்டித் தங்கச்சிக்கு நேரம் வாங்கிக் குடுத்தான்னு. டிலானி தலைல அது காலம் பூரா இருக்கும். எங்களுக்கு வந்த காசு, எங்க டீம்ல பேசி நாங்க குடுக்குறோம். அடுத்த வருஷம் சோத்துக் கணக்க வேற மாதிரிப் பேசுவோம். இந்த வருஷம் எனக்கு அந்த நாலு மணி வேணும் அக்கா."

அவள் சொன்னதை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மறுநாள் ஜெயராஜ்தான் எழுதினான்: "அப்ப 'சமம்'னு நோட்டீஸ் அடிச்சத என்னக்கா பண்றது? எல்லாருக்கும் போயிருச்சே." அவனுடைய கவலை அவனுக்கு. பெண்களுக்குக் காசு குறைந்த இந்த வருஷம்தான் முதல்முறையாகச் சமம் நடக்கப்போகிறது என்று அவனுக்கு எப்படி எழுதுவது? "நோட்டீஸ் அப்படியே இருக்கட்டும் தம்பி" என்று மட்டும் பதில் போட்டேன்.

நானாவுக்குத்தான் பாவம், இரண்டு பக்கமும் இடி. ஆண்கள் அணித் தலைவன் அவர் கடைக்கே வந்து, சோறு தின்ற வயிற்றோடு உச்சி வெயிலில் எப்படிக் குதிப்பது என்று சண்டை பிடித்தானாம். "காலைல எட்டு மணிக்கு வேணுமா மகன்? அதுவும் காலியா ஈக்கிது" என்றாராம் நானா. அத்தோடு போய்விட்டான்.

6

போட்டி நாளில் எனக்கு மாலை ஓட்டம் விழுந்திருந்தது. மாற்றித் தரச் சொல்லி நேர அட்டவணைப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருக்கிற பெண், காரணம் எழுதாமல் விடுமுறை தரமாட்டாள். பிள்ளைக்குச் சுகமில்லை, சாவு வீடு, வைத்தியர் என்று சில காரணங்கள்தான் அவளுடைய கணினிக்குத் தெரியும்.

"என் தங்கச்சிக்குப் போட்டி இருக்கிறது" என்றேன்.

"உங்கள் தங்கச்சி தொழில்முறை வீராங்கனையா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"தேயிலை பறிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீராங்கனை."

அவள் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றன. கடைசியில் குடும்பக் காரியம் என்று போட்டாள். பின்னால் நின்ற கோஸ்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மாலை ஓட்டத்தைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஜனவரிச் சண்டைக்குப் பிறகு சாப்பாட்டறையில் ஒரு பகல் முழுக்க அவருக்குக் கவ்வாத்தையும் கொழுந்தையும் விளக்கியிருந்தேன். அவர் உதவியில் பாதி பருப்புக் கறிக்காகவும் இருக்கலாம்.

7

சித்திரை மாதத்தில் நாவலப்பிட்டிப் பக்கம் பின்னேரம் ஆனால் மழை வரும். உங்களுக்குத் தெரியும். இந்தப் பேரத்தில் ஒருவராவது அதை நினைத்தோமா? இல்லை. நாலு மணியை வாங்கினோம், நாலு மணி மழையையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறோம்.

இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். மேசையில் போனைச் சாய்த்து வைத்துக் காத்திருந்தேன். முந்தின ஆட்டங்களை வென்று சிசிலியின் அணி ஃபைனலுக்கு வந்துவிட்டதாகவும், ஆண்கள் ஃபைனல் நல்ல வெயிலில் முடிந்துவிட்டதாகவும் செய்தி வந்தது. நஸீர் நானா வீடியோவில் கூப்பிட்டபோது படம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"மழ தங்கச்சி! நல்ல மழ. ஆனா நிப்பாட்டல்ல. நடுவர் நிப்பாட்டுவமாண்டு கேட்டார். ஒங்கட தங்கச்சி என்ன செஞ்சா தெரியுமா? பந்த எடுத்துக்கொண்டு போய் சர்வ் போடுற எடத்துல நிண்டுட்டா."

அங்கே மழை என்றால் சும்மா மழையா? சிவப்பு மண் சேறாகிவிடும், பந்து கையில் நிற்காது. நனைந்துகொண்டு நின்று பார்க்க யாருக்கு விதி? ஜெயராஜும் என் மகனும் சொன்னது சரியாகப் போய்விடும். காலி மைதானத்தில் ஆடிவிட்டு அந்தப் பிள்ளை துணிக்கடைக்குப் போகும். அடுத்த வருஷம் பெண்களை மறுபடி எட்டு மணிக்குப் போடுவார்கள், குடுத்துப் பார்த்தோமே என்றும் சொல்வார்கள். மாதாவே, கொஞ்சம் பொறுக்கச் சொல்லேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

ரொஷான் தட்டோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான். "என்னம்மா, ஒண்ணும் தெரியல?"

உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை. திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு சிவப்பு, ஒரு பூப்போட்ட நீலம். அப்போதுதான் என்ன பார்க்கிறோம் என்று விளங்கியது. குடைகள். ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு முதுகு முதுகாகக் குடைகள். வலையும் தெரியவில்லை, பந்தும் தெரியவில்லை. குடைகளுக்கு அப்பால் ஒரு பெரிய கூச்சல் எழும்பி அடங்கியது.

"நானா, போனக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்களேன்! குடதான் தெரியுது!"

"இதுக்கு மேல எங்க தங்கச்சி தூக்குற? நான் கதிரைக்கு மேல ஏறித்தான் நிக்கிறன். முன்னுக்கு ஈக்கிற ஒருத்தனும் அசையிறான் இல்ல. சொன்னா ஏசுறான்!"

ரொஷான் தட்டை மேசையில் வைத்தான். கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஸ்கோர் என்னன்னு கேளுங்கம்மா" என்றான். ஊரைப் பற்றி அவனாக ஒன்றைக் கேட்டு எத்தனை காலமாயிற்று.

அப்படியே குடைகளைப் பார்த்துக்கொண்டு, கூச்சலைக் கேட்டுக்கொண்டு முழு ஆட்டமும் முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். நானா இடையிடையே கத்துவார், "எங்கட பொயிண்ட்!", "ஐயோ, வழுக்கிட்டா!" என்று. ஒருமுறை குடைகள் விலகிய இடைவெளியில், சேறு அப்பிய ஒரு இடக்கை மட்டும் மேலே உயர்ந்து இறங்கியதைக் கண்டேன். சத்தியமாக அது அப்பாவின் கை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தோற்றுவிட்டார்கள். கடைசிச் செட்டில், கையெட்டும் தூரத்தில் வந்து தோற்றார்கள். நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படம் ஆடியது, நானா கதிரையிலிருந்து இறங்குகிறார் என்று தெரிந்தது. யாரோ ஒரு ஆண் சிங்களத்தில் ஏதோ கேட்பதும், "ஒவ் சேர், ஒவ் சேர்" என்று நானா ஆமாம் போடுவதும் கேட்டது. பிறகு நானாவின் முகம் திரைக்குப் பக்கத்தில் வந்தது. தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"தங்கச்சி, இந்த சேர் கேக்குறார், அந்த இடக்கைப் புள்ள யாருண்டு. அடுத்த கெழம பயிற்சிக்கு அனுப்பச் செல்றார், பொண்டுகள்ட டீமுக்கு ஆள் தேடிட்டு ஈக்கிறாராம்."

நான் வாயைத் திறக்குமுன் அவர் தொடர்ந்தார்.

"அது மட்டுமில்ல. போன வருஷமும் நான் வந்தேனே, அப்ப இந்தப் புள்ள எங்க இருந்தாண்டு கேக்குறார். நான் என்ன செல்ல தங்கச்சி? ஒங்களுக்குப் பக்கத்துல நிண்டு சோறு போட்டது இவதாண்டு செல்லவா?"

ரொஷான் என் முகத்தைப் பார்த்தான்.

"ஆமா நானா" என்றேன். "அப்படியே சொல்லுங்க."